எட்வர்டு பால்ஃபர்

எட்வர்டு கிரீன் பால்ஃபர் (செப்டம்பர் 6, 1813 – டிசம்பர் 8, 1889) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர், கீழைத்தேய அறிஞர், கலைக்களஞ்சிய ஆசிரியர் ஆவார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளராக இருந்தவர். 1855 ஆம் ஆண்டில் அவ்வருங்காட்சியக வளாகத்தில் இவர் தொடங்கிய விலங்குக் காட்சிச்சாலையே இன்று வண்டலூரில் உள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் முன்னோடியாகும்.

இளமை

ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை ஜார்ஜ் பால்ஃபர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்பணியில் இருந்தவர். தாய் சூசன், பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் ஹியூமின் உடன்பிறந்தவர். மான்ட்ரோஸிலும் எடின்பரோ பல்கலைக்கழகத்திலும் கல்வி பயின்ற பால்ஃபர், 1833 இல் அறுவை மருத்துவராகத் தகுதி பெற்றார்.

இந்தியா வருகை

1834 இல் இந்தியாவுக்குப் பயணமானார். வழியில் மொரிசியசுத் தீவில் தங்கியபோது, காடுகளை அழித்ததால் அத்தீவின் நிலத்துக்கும் நீருக்கும் நேர்ந்த கேட்டை நேரில் கண்டார். பிற்காலத்தில் இவர் எழுதிய பலவற்றுக்கும் இதுவே அடிப்படையாயிற்று எனலாம். 1836 இல் சென்னை மாகாணத்தின் மருத்துவப் பணியில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். இந்துஸ்தானி, பாரசீகம் ஆகிய மொழிகளில் நல்ல தேர்ச்சி பெற்றார். சேப்பாக்கத்தில் கர்நாடக நவாபின் அவைக்கு அரசின் முகவராகவும் பணியாற்றினார்.

அருங்காட்சியகப் பணி

சென்னை இலக்கியச் சங்கத்திடம் இருந்து பெறப்பட்ட சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளைக் கொண்டு 1851 இல் சென்னை அரசு அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. முதலில் கல்லூரிச் சாலையில் இருந்த அது, 1854 இல் எழும்பூரில் உள்ள பாந்தியன் வளாகத்துக்கு மாற்றப்பட்டது. மருத்துவப் பணியோடு சேர்த்து இதன் பொறுப்பையும் பால்ஃபர் 1859 வரை வகித்தார்.

கல்லும் எலும்பும் மட்டும் இருக்கும் கூடத்துக்குப் பொதுமக்களை வரவழைப்பது எளிதன்று. ஆனால், உயிருள்ள புலி ஒன்றும் சிறுத்தை ஒன்றும் அங்கு வைக்கப்பட்டிருந்தபோது மக்கள் திரளாக வந்ததைப் பால்ஃபர் கவனித்தார். எழுத்தறியாதவரையும் அருங்காட்சியகத்துக்குள் அழைத்துவர உயிருள்ள விலங்குகளால் முடியும் என்பதற்கு இதுவே சான்றாக அமைந்தது.

விலங்குக் காட்சிச்சாலை

அக்காலத்தில் கர்நாடக நவாப் குலாம் கௌஸ் கான் பல விலங்குகளைச் சொந்தமாக வைத்திருந்தார். நவாபின் அவையோடு தமக்கு இருந்த தொடர்பைப் பயன்படுத்திய பால்ஃபர், அவ்விலங்குகளை அருங்காட்சியகத்துக்கு வழங்குமாறு அவரை இணங்கச் செய்தார். இவற்றைக் கொண்டு 1855 இல் காட்சிச்சாலை தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன எனச் சேர்ந்து விலங்குகளின் எண்ணிக்கை 300 ஐத் தாண்டியது.

நவாப் 1855 அக்டோபரில் வாரிசின்றி இறந்தார். கம்பெனி அரசு நவாப் பட்டத்தையே நீக்கிவிட்டது. ஓர் அரச குடும்பம் தன் உரிமைகளை இழந்த காலத்தில், அதன் தனிச்சொத்தாக இருந்த விலங்குகள் ஊரார் அனைவரும் காணும் பொதுச்சொத்தாயின என்பது குறிப்பிடத்தக்கது.

அருங்காட்சியக வளாகத்தில் இத்தனை விலங்குகளுக்கு இடம் போதவில்லை. எனவே 1860களின் தொடக்கத்தில் காட்சிச்சாலை நகராட்சியின் பொறுப்புக்கு வந்து, சென்னை சென்ட்ரல் தொடர்வண்டி நிலையத்துக்கு அருகில் இருந்த மக்கள் பூங்காவுக்கு மாற்றப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அங்கு இயங்கிய பின், நகர நெரிசல் காரணமாக வண்டலூர் காப்புக்காட்டில் புதிய பூங்கா அமைக்கும் பணி 1979 இல் தொடங்கியது. 1985 சூலை 24 அன்று அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஒரகடம் தொழிற்பகுதி வழியாக வாலாஜாபாத் செல்லும் சாலை வண்டலூரில் பூங்காவுக்கு அருகில் தொடங்குகிறது.

காடுகள் பற்றிய கருத்துகள்

மரங்களுக்கும் மழைக்கும் நிலத்தின் ஈரப்பதத்துக்கும் உள்ள தொடர்பு குறித்துப் பால்ஃபர் 1840களில் எழுதினார். காடுகள் அழிந்தால் நீர்நிலைகள் வற்றும், பஞ்சம் நேரும், மக்களின் உடல்நலமும் கெடும் என்பது இவருடைய வாதம். ஒரு மருத்துவர் என்ற முறையிலேயே இவர் இதனை அணுகினார். சென்னை மாகாணத்தில் 1856 இல் வனத்துறை ஏற்பட வழிவகுத்த எழுத்துகளுள் இவருடையவையும் அடங்கும். மரங்கள் மழையைக் கொண்டுவரும் என்ற கருத்து எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது பின்னாளில் விவாதத்துக்கு உள்ளானது. எனினும், காடுகள் மண்ணையும் நீரையும் காக்கின்றன என்ற பகுதி இன்றும் ஏற்கப்படுகிறது. இவர் தொடங்கிய காட்சிச்சாலை இறுதியில், சிதைந்துபோய் மீண்டும் மரங்கள் நட்டு வளர்க்கப்பட்ட ஒரு காட்டுக்குள் இடம்பெற்றது பொருத்தமானதே.

நூல்களும் பிற பணிகளும்

இவருடைய முதன்மையான நூல் இந்தியக் கலைக்களஞ்சியம் ஆகும். 1857 இல் முதற்பதிப்பு வெளிவந்தது. 1870களின் தொடக்கத்தில் இரண்டாம் பதிப்பும், 1885 இல் மூன்று தொகுதிகளாக மூன்றாம் பதிப்பும் வெளிவந்தன. இந்தியாவின் மரவகைகள் குறித்தும் ஒரு நூல் எழுதினார். மகப்பேற்று மருத்துவ நூல் ஒன்றைத் தாமே இந்துஸ்தானியில் மொழிபெயர்த்ததுடன், அதனைத் தமிழ், தெலுங்கு, கன்னட மொழிகளிலும் பெயர்க்கச் செய்து தம் சொந்தச் செலவில் அச்சிட்டார்.

1871 முதல் 1876 வரை சென்னை மாகாணத்தின் தலைமை அறுவை மருத்துவராக இருந்தார். பெண்கள் மருத்துவம் பயில வேண்டும் என்று இவர் வலியுறுத்தினார். அதன் பயனாக 1875 இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கப்பட்டனர்.

இறுதிக்காலம்

1876 இல் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். கலைக்களஞ்சியத்தின் மூன்றாம் பதிப்பு ஓய்வுக்காலத்தில் முடிக்கப்பட்டதாகும். 1889 டிசம்பர் 8 அன்று இலண்டனில் காலமானார். பெண்களிடையே மருத்துவக் கல்வியை ஊக்குவிக்க, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இவர் பெயரால் ஒரு தங்கப் பதக்கம் நிறுவப்பட்டது.