மக்கள் தேர்ந்தெடுத்த முதல் அதிபர்

1988ஆம் ஆண்டு மார்ச் மாதம் குவீன்ஸ்டவுனில் பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்பட்டது. ரயில் எதற்கு, பேருந்துகளே போதுமே என்று சிலர் வாதிட்ட காலத்தில், அத்திட்டத்திற்காக விடாமல் பாடுபட்ட அமைச்சர் ஓங் டெங் சியோங். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த வட்டார மக்கள் தீவின் மற்ற மக்களோடு சேர்ந்து அவருடைய பெயர் அச்சிட்ட வாக்குச்சீட்டைக் கையில் வாங்கினர். அதிபரைத் தேர்ந்தெடுக்க அவர்கள் வாக்களித்தது அதுவே முதல் முறை.

ஓங் 1936ஆம் ஆண்டு பிறந்தார். ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் கட்டடக்கலை பயின்றார். 1972இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். பின்னர் தொழிற்சங்கத் தலைவராகவும் துணைப் பிரதமராகவும் உயர்ந்தார். 1986இல் ஊழியர்களின் வேலைநிறுத்தம் ஒன்றுக்கு, அமைச்சரவையிடம் முன்கூட்டியே சொல்லாமல் அனுமதி அளித்தார். சக அமைச்சர்கள் சிலர் கோபமடைந்தனர். ஆனால், இரண்டே நாளில் பிரச்சினை தீர்ந்தது.

அக்காலத்தில் அதிபரை நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்தது. யூசோஃப் இஷாக் முதல் வீ கிம் வீ வரை எவரும் மக்களிடம் வாக்குக் கேட்டதில்லை. சடங்குப் பொறுப்புகளுக்கு அந்த முறை போதுமானதாக இருந்தது. 1991இல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டது. நாடு பல ஆண்டுகளாகச் சேமித்த நிதி இருப்பை அரசாங்கம் எடுக்க விரும்பினால், அதிபரின் சம்மதம் தேவை என்றானது. வீட்டுப் பெட்டகத்திற்கு இரண்டு சாவிகள் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை பெற்ற கட்சியே அரசாங்கத்தை அமைக்கிறது. அந்த நாடாளுமன்றமே இரண்டாம் சாவிக்காரரையும் நியமித்தால், அவர் எப்படித் துணிந்து மறுப்பார்? ஆகவே, அவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

1993 ஆகஸ்ட் 28ஆம் தேதி தேர்தல் நடந்தது. முன்னாள் தலைமைக் கணக்காளர் சுவா கிம் இயோ எதிர்த்துப் போட்டியிட்டார். அதிகம் பிரசாரம் செய்யாத அவருக்கே நூற்றுக்கு 41 பேர் வாக்களித்தனர். துணைப் பிரதமராக இருந்த ஒருவர் தம் பழைய சகாக்களையே தட்டிக்கேட்பாரா என்ற ஐயம் பலருக்கு இருந்தது. ஓங் 58.7 விழுக்காட்டு வாக்குகளுடன் வென்றார்.

அந்த ஐயத்திற்குப் பதில் விரைவிலேயே கிடைத்தது. எதைக் காக்க வேண்டும் என்று தெரியாமல் எப்படிக் காப்பது? அரசாங்கச் சொத்துகளின் விவரத்தை ஓங் கேட்டார். எல்லாவற்றையும் மதிப்பிட 56 ஆள்-ஆண்டுகள் ஆகும் என்று பதில் வந்தது. அதாவது, ஒருவர் தனியாகச் செய்தால் 56 ஆண்டுகள்! மதிப்பு இல்லாவிட்டாலும் பட்டியலாவது வேண்டும் என்று அவர் தொடர்ந்து வலியுறுத்தினார். 1999இல் பதவிக்காலம் முடியும் வேளையில், தாம் சந்தித்த சிரமங்களைச் செய்தியாளர்களிடம் வெளிப்படையாகக் கூறினார். அரசாங்கம் நாடாளுமன்றத்தில் தன் தரப்பு விளக்கத்தை அளித்தது.

அவர் மீண்டும் போட்டியிடவில்லை. அடுத்து எஸ்.ஆர்.நாதன் போட்டியின்றி அதிபரானார். ஓங் 2002 பிப்ரவரி 8ஆம் தேதி புற்றுநோயால் காலமானார். அதிபருக்காக மக்கள் இரண்டாம் முறை வாக்களித்தபோது 2011ஆம் ஆண்டு பிறந்திருந்தது.