காப்பி-பேஸ்ட் தொல்லைக்கு வழி கண்ட கிரேஸ் ஹாப்பர்: யார் இவர்?

ஒரு ஃபைலில் எழுதின ஃபங்ஷனை இன்னொரு ஃபைலில் பயன்படுத்த இன்னைக்கு ஒரு வரி போதும். பைத்தானில் ‘இம்போர்ட்’. சி மொழியில் பெயரை அறிவித்துவிட்டால், லிங்கர் தேடிப் பிடித்து இணைத்துவிடும். ஆனா, இதையெல்லாம் மனுஷங்க கையால செய்த காலம் ஒன்று இருந்தது. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் கிரேஸ் ஹாப்பர்.

கடற்படைக்கு வந்த பேராசிரியர்

1906 டிசம்பர் 9-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம். வாசர் கல்லூரியில் ஆசிரியர் வேலை. இரண்டாம் உலகப்போர் வந்ததும் கடற்படையில் சேர முயன்றார். எடை குறைவு என்பதால் சிக்கல். விடாமல் சிறப்பு அனுமதி வாங்கிச் சேர்ந்தார். 1944-ல் ஹார்வர்டின் ‘மார்க் 1’ கணினிக்கு புரோகிராம் எழுதும் பணி கிடைத்தது.

நோட்டுப் புத்தகமே லைப்ரரி

சரியாக ஓடிய நிரல் துண்டுகளை, அதாவது சப்ரொட்டீன்களை, அங்கே நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார்கள். தேவைப்பட்டால் ஒருவர் நோட்டைப் பார்த்து மற்றவர் எழுதிக்கொள்வார். இங்கேதான் பிரச்னை. பார்த்து எழுதும்போது தப்பு வரும். புது புரோகிராமில் துண்டு வேறு இடத்தில் உட்காருவதால், அதிலுள்ள முகவரிகளையும் கூட்டி மாற்றணும். கூட்டலிலும் தப்பு வரும்.

ஏ-0 செய்தது என்ன?

கூட்டுவதும் காப்பி எடுப்பதும் கணினிக்கே கைவந்த வேலை. அப்புறம் மனிதர் எதற்கு? இதுதான் ஹாப்பரின் யோசனை. 1949-ல் எக்கர்ட்-மாக்லி நிறுவனத்தில் சேர்ந்தவர், 1952-ல் யுனிவாக் கணினிக்காக ‘ஏ-0’வை உருவாக்கினார். சப்ரொட்டீன்கள் காந்த நாடாவில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எண்ணைக் கொடுத்தால் கணினியே அதை எடுத்து, முகவரிகளைத் திருத்தி, ஒரே புரோகிராமாக இணைத்துவிடும். அவர் இதை ‘கம்பைலர்’ என்றார். இன்றைய கணக்கில் லிங்கர், லோடருக்கு நெருக்கமானது.

கணினி கணக்கு மட்டும்தான் போடும், புரோகிராம் எழுதாது என்று நினைத்தவர்கள் முதலில் நம்பவே இல்லை. ஹாப்பர் நிற்கவில்லை. ஆங்கிலச் சொற்களில் எழுதும் ‘ஃப்ளோ-மேட்டிக்’ வந்தது. 1959-ல் தொடங்கிய கோபால் மொழிக்கு அது அடித்தளமானது.

79 வயதில் ஓய்வு

1966-ல் ஓய்வு கொடுத்த கடற்படை, மறு வருஷமே திரும்ப அழைத்தது. 1986-ல் ரியர் அட்மிரலாக விடைபெற்றபோது வயது 79. 1992 ஜனவரி 1-ல் காலமானார். 2016-ல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் அறிவிக்கப்பட்டது.

அடுத்த முறை ஃபங்ஷனைக் காணோம் என்று லிங்கர் எரர் காட்டினால் கடுப்பாக வேண்டாம். ஒரு காலத்தில் அந்தத் தேடலும் நம் வேலையாகத்தான் இருந்தது.