கிதார் ஏந்திய அம்மையார்

ராக் அண்டு ரோல் என்ற சொல் செவியில் விழுந்த மாத்திரத்தில் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவது எல்விஸ் பிரெஸ்லியின் உருவமேயாகும். நெற்றியில் புரளும் கேசமும் தோளில் தொங்கும் கிதாருமாக அவர் நிற்கும் படத்தைக் காணாதவர் நம் காலனியிலும் சிலரே இருப்பர். ஆயினும் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டு 1954ஆம் ஆண்டில் வெளிவருவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, அதே துள்ளல் தாளத்தில் கிதார் வாசித்துப் பாடிப் பெரும்புகழ் எய்திய ஒரு பெண்மணி அமெரிக்க நாட்டில் இருந்தார். அவர் பாடியவை பெரும்பாலும் கிறிஸ்தவ பக்திப் பாடல்கள் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். சிஸ்டர் ரொஸெட்டா தார்ப் என்னும் அவ்வம்மையாரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம். சிஸ்டர் என்றதும் அவரைக் கன்னியாஸ்திரீ என எண்ணிவிடலாகாது. அவர் சார்ந்த சபையில் பெண்களை அவ்வாறு விளிப்பது மரபு. அம்மையாரோ மும்முறை மணம் புரிந்தவர்!

ஆர்கன்ஸா மாநிலத்தில் பருத்திச் செடி என்றே பொருள்படும் காட்டன் பிளாண்ட் என்ற சிற்றூரில், 1915ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் பருத்தி வயல்களில் கூலிவேலை செய்த கறுப்பின மக்கள். அன்னை கேட்டி பெல் நூபின், மாண்டலின் வாசித்துப் பாடியும் பிரசங்கம் செய்தும் வந்தவர். பெண்கள் பேசவும், கைதட்டி ஆடிப் பாடித் தொழவும் இடங்கொடுத்த சபை அது. நான்கு வயதிலேயே மகளும் கிதாரைக் கையில் எடுத்துவிட்டாள். அவளுக்கு ஆறு வயது நிரம்பும் காலத்தில் தாயும் மகளும் சிகாகோ நகரத்துக்குக் குடிபெயர்ந்தனர்.

அக்காலத்தில் தென் மாநிலங்களின் கொடுமையும் வறுமையும் தாளாமல் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களை நோக்கிப் புறப்பட்டுக்கொண்டிருந்தனர். முகமறியாத ஊரில் அவர்களுக்கு உற்றாரும் ஊராரும் ஆகியது அவர்கள் கூடித் தொழுத சபையே. பிழைப்பை முன்னிட்டு ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அத்தகைய சபை ஒன்றின் செல்லக் குழந்தையாகவே ரொஸெட்டா வளர்ந்தார். 1934இல் தாமஸ் தார்ப் என்ற பிரசங்கியை மணந்தார். அவ்வாழ்க்கை நிலைக்கவில்லை. கணவரின் பெயரைச் சற்றே திரித்துத் தமதாக்கிக்கொண்டு, அன்னையுடன் நியூயார்க் சேர்ந்தார்.

1938ஆம் ஆண்டே அவருடைய வாழ்வைப் புரட்டிப்போட்ட ஆண்டு. அக்டோபர் 31ஆம் நாள் டெக்கா கம்பெனியார் அவர் பாடிய நான்கு பாடல்களைத் தட்டில் பதிந்தனர். காட்டன் கிளப் என்ற கேளிக்கை அரங்கில் அவர் பாடலானார். அங்கே மேடையில் நிற்போர் கறுப்பர், மேசைகளில் அமர்ந்து குடித்து மகிழ்வோர் பெரும்பாலும் வெள்ளையர். டிசம்பர் 23ஆம் நாள் புகழ்பெற்ற கார்னகி மண்டபத்திலும் அவர் குரல் ஒலித்தது. தொழுகைக்கென எழுந்த பாடல் மதுக் கிண்ணங்களிடையே ஒலிப்பதா என்று சபையினர் மனம் கொதித்தனர். 1942இல் லக்கி மில்லிண்டர் குழுவுடன் அவர் பாடிய தட்டொன்று வெளிவந்தது. நெட்டையும் ஒல்லியுமான காதலன் ஒருவன் வேண்டும் என்பது அப்பாட்டின் பொருள்! சபையினரின் மனப்புண் மேலும் ஆழமாயிற்று.

அவர்களுடைய வருத்தத்தைப் பழமைவாதம் என்று தள்ளிவிட நாம் ஒருப்படோம். வேறு உடைமை ஏதுமில்லாத மக்கள் தமக்கே உரியதெனக் காத்து வந்த ஒரே செல்வம் அந்த இசை. அது விலைக்குப் போவதைக் கண்டால் நெஞ்சு பதறாதா? எனினும் அம்மையார் சபையைத் துறந்தாரில்லை. பகலில் ஆலயத்திலும் இரவில் அரங்கிலும் பாடினார். பின்னர்ப் பெரும்பாலும் பக்திப் பாடல்களுக்கே திரும்பினார். ஆனால் கிதாரின் துள்ளலை மட்டும் விடவில்லை. 1944இல் பதிவான 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே' என்ற பாடல், மறு ஆண்டில் கறுப்பர் இசைத்தட்டு விற்பனை வரிசையில் இரண்டாம் இடத்துக்கு உயர்ந்தது. ராக் அண்டு ரோலின் முதல் தட்டு இதுவே என்று வாதிடுவோர் உளர். முதல் தட்டு எது என்ற வழக்கு தீராத வழக்கு, நாம் அதில் தலையிட வேண்டியதில்லை.

புகழ் ஓங்கிய நாளிலும் தென் மாநில விடுதிகளில் கறுப்பருக்கு இடமில்லை. அம்மையார் தமக்கெனப் பஸ் ஒன்றை வாங்கி அதிலேயே உறங்கிப் பயணம் செய்தார். ஜோர்டனேர்ஸ் என்ற வெள்ளையர் குழு அவருடன் சென்ற ஊர்களில், அவர்கள் உணவு விடுதிக்குள் சென்று உண்டு, அவருக்குரியதைப் பொட்டலமாக வாங்கி வந்து பஸ்ஸில் கொடுப்பார்களாம். அதே குழுவினர் பிற்காலத்தில் பிரெஸ்லிக்குப் பின்பாட்டுப் பாடிப் பெயர்பெற்றனர்.

1947இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் கச்சேரிக்கு முன், சிறுவன் ஒருவன் தம் பாடலைப் பாடக் கேட்டு, அவனை மேடைக்கு அழைத்துப் பாடவைத்துக் கையில் பணமும் கொடுத்தார் அம்மையார். அச்சிறுவனே பின்னாளில் லிட்டில் ரிச்சர்ட் என உலகறிந்த பாடகர். தம் மனங்கவர்ந்தோருள் ஒருவராக இவ்வம்மையாரைக் குறிப்பிட்டவர் ஜானி காஷ்.

1951ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் வாஷிங்டன் நகர கிரிஃபித் விளையாட்டரங்கில் நடந்த திருமணம் தனிக்கதை. கல்யாணமும் கச்சேரியும் சேர்த்து நடத்த ஒப்பந்தம் கையெழுத்தானபோது, மணமகன் யார் என்பதே முடிவாகவில்லை! இறுதியில் ரஸ்ஸல் மாரிசன் என்பவர் மணமகனானார். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தோர் இருபதினாயிரத்துக்கும் மேல். மந்திரங்கள் முடிந்ததும் மணப்பெண் வெண்ணிற மணவுடையிலேயே மின்சாரக் கிதாரை மீட்டிப் பாடினார். வாணவேடிக்கையும் நடந்தது.

அதன்பின் காலம் மாறியது. அவர் வளர்த்த தாளத்தை இளைஞர்கள் எடுத்துக்கொண்டனர், தாய்நாட்டில் அவரைக் கேட்போர் குறைந்தனர். 1957இல் கிறிஸ் பார்பர் குழுவுடன் இங்கிலாந்தில் பாடச் சென்றார். 1964 மே மாதத்தில் மான்செஸ்டர் நகரில், கைவிடப்பட்ட ரயில் நிலையமொன்றையே மேடையாக்கித் தொலைக்காட்சியார் நிகழ்ச்சி நடத்தினர். ரசிகர்கள் ஒரு பிளாட்பாரத்தில், பாடகர்கள் எதிர்ப் பிளாட்பாரத்தில். மழை பெய்தது. குதிரை வண்டியில் வந்திறங்கிய அம்மையார், நோவாவின் காலத்துப் பெருமழையைப் பற்றிய பாடலையே எடுத்துக்கொண்டு வெண்ணிறக் கிதாரில் வெளுத்து வாங்கினார். கனத்த கோட்டணிந்து ஐம்பதை நெருங்கிய மாது, விரல்களில் அத்துணை வேகம்! அப்படம் இன்றும் காணக் கிடைக்கிறது. வீட்டுப் பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள்.

1968இல் அன்னையார் மறைந்தார். இரண்டாண்டுகளுக்குப் பின் அம்மையாரைப் பக்கவாதம் தாக்கியது, நீரிழிவினால் கால் ஒன்றை எடுக்க நேர்ந்தது. அப்போதும் பாடுவதை நிறுத்தினாரில்லை. புதிய இசைப்பதிவொன்றுக்கு ஏற்பாடாகியிருந்த வேளையில், 1973 அக்டோபர் 9ஆம் நாள் பிலடெல்ஃபியாவில் காலமானார்.

1998இல் அமெரிக்க அரசு அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டது. ராக் அண்டு ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 2018இல்தான். பிரெஸ்லியின் பெயரோ அங்கே 1986லேயே ஏறிவிட்டது. பிலடெல்ஃபியாவின் நார்த்வுட் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்த இடத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு கல்கூட இல்லை. 2008இல் அன்பர்கள் இசை நிகழ்ச்சி நடத்திப் பொருள் திரட்டினர். அதன்பின் பெயர் பொறித்த கல் நாட்டப்பெற்றது.