திரைக்குள் ஒரு பந்து

வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ் புல்வெளியில் நீங்கள் பந்து எறிந்து விளையாடியிருப்பீர்கள். அடுத்த தடவை எறியும்போது கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. பந்து நேர்கோட்டில் போகாது. மேலே ஏறும், வளையும், அப்புறம் கீழே இறங்கும். தரையில் பட்டால் குதிக்கும். ஒவ்வொரு குதியும் முந்தின குதியைவிடச் சின்னதாக இருக்கும்.

இந்த வளைவை ஒரு சின்னத் திரைக்குள் கொண்டுவந்து, அதை ஆட்டமாக மாற்றினார் ஒருவர். அவர் பெயர் வில்லியம் ஹிகின்பாதம். நண்பர்கள் அவரை வில்லி என்று கூப்பிடுவார்கள்.

உங்கள் தாத்தா பாட்டி சென்னையில் வளர்ந்தவர்களா? அப்படியென்றால் இந்தப் பெயரைக் கேட்டதும் அண்ணா சாலையில் இருக்கும் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடைதான் அவர்களுக்கு ஞாபகம் வரும். 1844-இல் அந்தக் கடையைத் தொடங்கியவர் வேற ஆள். நம்ம வில்லி அமெரிக்காக்காரர்.

போர்க்காலம்

வில்லி 1910-ஆம் ஆண்டு கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் பிறந்தார். அவருடைய அப்பா தேவாலயத்தில் போதகர். வில்லி வில்லியம்ஸ் கல்லூரியில் படித்து 1932-இல் பட்டம் வாங்கினார். பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தார்.

அப்போது இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940 செப்டம்பரில் ஜெர்மன் விமானங்கள் லண்டன்மேல் தினமும் குண்டு போடத் தொடங்கின. நாம் இப்போது இருக்கிற கிழக்கு லண்டன்தான் ரொம்ப அடி வாங்கியது. எதிரி விமானம் தூரத்தில் வரும்போதே கண்டுபிடிக்க ரேடார் வேண்டும். அதே மாதம் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ரேடாருக்கான ஒரு புதுக் கருவியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அதை வைத்து ஆராய்ச்சி செய்ய எம்.ஐ.டி. என்ற இடத்தில் ஒரு கூடம் தொடங்கினார்கள். 1941-இல் வில்லி அங்கே வேலைக்குச் சேர்ந்தார். ரேடார் கண்டுபிடிப்பதைத் திரையில் ஒளிப்புள்ளிகளாகக் காட்டுவது எப்படி என்று அங்கே கற்றுக்கொண்டார். இந்தத் திரையை ஞாபகம் வச்சுக்கோங்க. கதையில் அது திரும்பவும் வரும்.

1943-இல் அவரை லாஸ் அலமோஸ் என்ற ஊருக்கு அழைத்தார்கள். அங்கே ரகசியமாக அணுகுண்டு செய்துகொண்டிருந்தார்கள். போர் முடியும் சமயத்தில் அங்கிருந்த மின்னணுவியல் குழுவுக்கு வில்லிதான் தலைவர். நொடியைவிட மிகச் சின்ன நேரத்தை அளக்கும் மின்சுற்றுகளை அந்தக் குழு செய்தது.

1945 ஆகஸ்டில் அமெரிக்கா ஹிரோஷிமா, நாகசாகி என்ற இரண்டு ஜப்பான் நகரங்கள்மேல் அணுகுண்டு போட்டது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் இறந்துபோனார்கள். உங்களை மாதிரிப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள்.

போர் முடிந்தது. வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் மறந்துவிடலாம் என்று வில்லி நினைக்கவில்லை. வேறு சில விஞ்ஞானிகளோடு சேர்ந்து அமெரிக்க விஞ்ஞானிகள் கூட்டமைப்பைத் தொடங்கினார். அதன் முதல் தலைவரும் அவர்தான். அணுசக்தி ராணுவத்தின் கையில் மட்டும் இருக்கக் கூடாது, அணுகுண்டு மற்ற நாடுகளுக்கும் பரவக் கூடாது என்று அரசாங்கத்திடம் போய்ப் பேசினார்கள். 1946-இல் வந்த சட்டம் அணுசக்தியை ராணுவத்திடமிருந்து எடுத்து, பொதுமக்கள் நடத்தும் ஓர் ஆணையத்திடம் கொடுத்தது.

அலுப்பான கண்காட்சி

1947-இல் வில்லி நியூயார்க் பக்கத்தில் இருக்கும் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வருடத்துக்கு ஒரு தடவை அங்கே பொதுமக்கள் உள்ளே வந்து பார்க்கலாம். ஆனால் பார்க்க என்ன இருந்தது? படங்களும், அசையாமல் நிற்கும் கருவிகளும்தான். பிள்ளைகளுக்குக் கொட்டாவி வராதா?

வில்லி யோசித்தார். அவருடைய கூடத்தில் ஒரு சின்னக் கணினி இருந்தது. அது இன்றைய கணினி மாதிரி இல்லை. அதில் நிரல் எழுத முடியாது. கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகினால், மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் அது கணக்குப் போடும். துப்பாக்கிக் குண்டு, ஏவுகணை, குதிக்கும் பந்து ஆகியவை போகும் பாதையை அதில் எப்படி வரைவது என்று அந்தக் கணினியோடு வந்த புத்தகத்தில் எழுதியிருந்தது.

மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கணக்குதான். வில்லி பந்தை எடுத்துக்கொண்டார்.

சில மணி நேரத்தில் அவர் வரைபடம் போட்டார். அவரோடு வேலை பார்த்த ராபர்ட் டுவோராக் கருவியைக் கட்டினார். 1958 அக்டோபர் 18 அன்று கதவைத் திறந்தார்கள். ஆட்டத்துக்கு நூற்றுக்கணக்கான பேர் வரிசையில் நின்றார்கள்!

எப்படி விளையாடுவது?

திரை வட்டமானது. குறுக்களவு சுமார் 13 சென்டிமீட்டர்தான். டென்னிஸ் மைதானத்தைப் பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும். கீழே ஒரு கோடு, அது தரை. நடுவில் ஒரு சின்னக் கோடு, அது வலை. பறக்கும் ஒளிப்புள்ளிதான் பந்து. மட்டையைத் திரையில் பார்க்க முடியாது!

ஆட இரண்டு பேர் வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெட்டி இருக்கும். பெட்டியில் ஒரு திருகு, ஒரு பொத்தான். திருகைத் திருப்பினால் பந்து எந்தக் கோணத்தில் போகும் என்பது மாறும். பொத்தானை அழுத்தினால் பந்தை அடிக்கலாம். ஆனால் பந்து உங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் அடிக்கலாம். தாழ்வாக அடித்தால் பந்து வலையில் பட்டுத் திரும்பிவிடும். திரையில் புள்ளிக்கணக்கு வராது. யார் ஜெயித்தார் என்று நீங்களே சொல்லிக்க வேண்டியதுதான்.

அடுத்த வருடம் வில்லி பெரிய திரை வைத்தார். நிலாவில் அடித்தால் பந்து எப்படிப் போகும், வியாழன் கோளில் அடித்தால் எப்படிப் போகும் என்றும் காட்டினார். நிலாவில் ஈர்ப்புவிசை குறைவு, அதனால் பந்து மெதுவாக மிதந்து இறங்கும். வியாழனில் சட்டென்று விழுந்துவிடும்.

அதற்குப் பிறகு? கருவியைப் பிரித்து, பாகங்களை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வில்லி அதற்குக் காப்புரிமையும் வாங்கவில்லை. அது பெரிய கண்டுபிடிப்பு என்றே அவருக்குத் தோன்றவில்லை.

1972-இல் வேறு ஆட்கள் செய்த பாங் என்ற ஆட்டம் வந்தது. அதில் திருகைத் திருப்பினால் மட்டை மேலும் கீழும் நகரும். 1976-இல் பிரேக்அவுட் வந்தது. அதில் மட்டை கீழே இருக்கும், பந்தால் மேலே இருக்கும் செங்கற்களை உடைக்க வேண்டும். ஆனால் இந்த இரண்டிலும் பந்து நேர்கோட்டில்தான் போகும். வில்லியின் பந்து நிஜப் பந்து மாதிரி வளைந்து போனது.

வில்லியின் ஆசை

வில்லி 1994-இல், தம் 84-ஆம் வயதில் இறந்தார். அணு ஆயுதம் பரவாமல் தடுப்பதற்காக அவர் பல வருடங்கள் உழைத்தார். அந்த வேலைக்காகத்தான் மக்கள் தம்மை நினைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் இன்றைக்கு நிறைய பேருக்கு அவர் ஒரு விளையாட்டைச் செய்தவர், அவ்வளவுதான்.

இந்தப் பாடத்தைப் படித்த உங்களுக்கு இப்போது இரண்டும் தெரியும். அடுத்த தடவை திரையில் ஒரு பந்து குதிக்கும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் வில்லியின் கதையைச் சொல்லுங்கள். முழுசாச் சொல்லுங்க.

பேசுவோம், எழுதுவோம்

1. வில்லியின் பெட்டியில் இருந்த திருகு எதற்கு? பொத்தான் எதற்கு?

2. பந்து, ஏவுகணை இரண்டுக்கும் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியானால் எது நல்லது, எது கெட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் பெரியவர்களோடு பேசிவிட்டு ஐந்து வரி எழுதுங்கள்.

3. நிலாவில் எறிந்த பந்தின் பாதையையும் வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸில் எறிந்த பந்தின் பாதையையும் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள்.