இப்னு பதூதாவின் பரதேச வாழ்வு

கடல் கடந்து வந்து கடை போட்டவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். சபர் என்ற சொல்லை நம் வீடுகளில் பெருமையோடும் சொல்வார்கள்; பெருமூச்சோடும் சொல்வார்கள். அந்தச் சபரிலேயே வாலிபப் பருவம் முழுவதையும் கழித்தவர் இப்னு பதூதா. அவர் கண்ட நாடுகளைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்த நாடுகளில் ஓர் அந்நியராக அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை இங்கே சிறிது கவனிப்போம்.

கி.பி. 1304-ல், மொராக்கோ தேசத்துத் தாஞ்சியர் நகரில், மார்க்கச் சட்டம் கற்ற குடும்பத்தில் அவர் பிறந்தார். 1325-ல் ஹஜ்ஜு செய்யும் நாட்டத்தோடு தனியே புறப்பட்டபோது வயது 21. தாயும் தந்தையும் உயிரோடிருந்தார்கள். வழியில் கடுங்காய்ச்சல் கண்டது. கீழே விழுந்துவிடாதபடி தலைப்பாகைத் துணியால் சேணத்தோடு தம்மைக் கட்டிக்கொண்டு பிரயாணம் செய்தார். தூனிஸ் நகரை அடைந்ததும் ஊரார் எதிர்கொண்டு வந்து, உடன் வந்தவர்களுக்கெல்லாம் ஸலாம் சொல்லி நலம் விசாரித்தார்கள். இவரை அறிந்தவர் எவருமில்லை, ஸலாம் சொல்வாருமில்லை. துக்கம் தாளாமல் அழுதுவிட்டார். அதைக் கண்ட ஹஜ்ஜு யாத்திரிகர் ஒருவர் அருகில் வந்து ஸலாம் சொல்லி, நகருக்குள் நுழையும் வரை பேச்சுத் துணையாக இருந்தார். பிறகு தூனிஸிலிருந்து புறப்பட்ட ஹஜ்ஜுக் கூட்டத்துக்கு இந்த வாலிபரே காஜியாக நியமிக்கப்பட்டார்.

1333-ல் சிந்து நதியை அடைந்தார். டில்லி சுல்தான் முகம்மது பின் துக்ளக் வெளிநாட்டாருக்குப் பதவிகளை வாரி வழங்கிய காலம் அது. அவரைக் காணச் செல்வோர் காணிக்கை கொண்டுபோக வேண்டும். அவர் அதைப்போல் பன்மடங்கு திருப்பித் தருவார். ஆகவே, புதிதாக வருவோருக்குக் காணிக்கைப் பொருள்களைக் கடனாகக் கொடுப்பதையே சில வியாபாரிகள் தொழிலாக வைத்திருந்தார்கள். இப்னு பதூதாவும் கடன் வாங்கினார். காணிக்கையும் ஆடம்பரச் செலவும் சேர்ந்து கடன் 55,000 தினாராக ஏறிவிட்டது. கொடுத்தவர்கள் அரண்மனை வாசலில் முறையிட, முடிவில் சுல்தானின் கஜானாவே அதைத் தீர்த்தது. எல்லாக் கடனாளிக்கும் அப்படி ஒரு சுல்தான் வாய்ப்பதில்லை!

டில்லிக்குக் காஜியாக, ஆண்டுக்கு 12,000 தினார் சம்பளத்தில் அமர்த்தப்பட்டார். தாம் மாலிகி மத்ஹபைச் சேர்ந்தவர், ஊராரோ ஹனபிகள், பாஷையும் தெரியாது என்று அவர் தயங்கினார். சுல்தான் துணைக் காஜிகள் இருவரை நியமித்துக் கொடுத்தார். ஆயினும் பிற்பாடு அதே சுல்தானின் சந்தேகத்துக்கு ஆளாகிக் காவலில் இருக்க நேர்ந்தது. அரசர் தயவில் வாழும் அந்நியனுடைய நிலை அத்தகையது.

பின்னர் சீனத்துக்குத் தூதராக அனுப்பப்பட்டார். 1342-ல் கள்ளிக்கோட்டைத் துறைமுகத்தில் புயலடித்துக் காணிக்கைக் கப்பல் உடைந்தது. கரையில் நின்ற அவரிடம் மிஞ்சியவை 10 தினாரும் ஒரு விரிப்புமே. உடனிருந்த ஆளும் விட்டு ஓடிவிட்டான்.

அங்கிருந்து மாலத்தீவு சென்று, மீண்டும் காஜியானார். ஊர் வழக்கத்தை உத்தரவினால் மாற்றிவிடலாம் என்று எண்ணிப் பெண்கள் உடம்பை மூடி உடுத்தவேண்டுமென்றார். அவர் முன் வழக்குக்கு வந்தவர்கள் மட்டுமே மூடி வந்தார்கள். வெளியே பழைய வழக்கமே நீடித்தது. மந்திரியோடும் மனஸ்தாபம் ஏற்பட்டு 1344-ல் புறப்பட்டுவிட்டார்.

பிறகு இலங்கை வழியாக நம் தமிழ் மண்ணுக்கு வந்தார். மதுரைச் சுல்தானின் பேகமும், இவர் டில்லியில் மணந்த மனைவியும் சகோதரிகள். மதுரையில் கொள்ளைக் காய்ச்சல் பரவியிருந்தது, இவரையும் பிடித்தது. ஏறக்குறைய ஓர் இராத்தல் புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போய், பிறகு குணமடைந்தார். பரதேசத்தில் அவரைக் காப்பாற்றியது அந்த ஊர்ப் புளிதான்!

சுமத்ராவின் பாசாய் சுல்தானிடம் உபசாரம் பெற்றுச் சீனம் சென்றார். அங்கே வளமை கண்டும் மனம் ஒட்டவில்லை. வீட்டைவிட்டு வெளியே போகவும் பிடிக்கவில்லை. அந்நிலையில் ஒரு நகரில் தாஞ்சியருக்கு அருகிலுள்ள சியூத்தா நகரத்து மார்க்க அறிஞரைச் சந்தித்தார். சொந்த மண்ணை நினைத்து இருவரும் அழுதார்கள். பின்னாளில் சஹாராவின் ஓரத்தில் அந்த அறிஞரின் சகோதரர் வீட்டிலும் இவர் தங்கினார்.

ஊர் திரும்பும் வழியில், 1348-ல் டமாஸ்கஸை அடைந்தார். அங்கே முன்பு விட்டுச்சென்ற மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்ததாகக் கேள்விப்பட்டு, இந்தியாவிலிருந்து 40 பொன் தினார் அனுப்பியிருந்தார். மகனைப் பற்றி விசாரித்தபோது, அவன் மௌத்தாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்றார்கள். தகப்பனார் மௌத்தாகியும் பதினைந்து ஆண்டுகளாகியிருந்தன. மறு ஆண்டு மொராக்கோவை அடைந்தபோது, தாயாரும் கொள்ளை நோயில் மௌத்தாகிவிட்ட செய்தியே காத்திருந்தது. தாயின் கபுரைத்தான் அவரால் காண முடிந்தது.

1355-ல் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட பிரயாண நூல் முடிவுற்றது. எத்தனையோ சுல்தான்களின் தர்பார்களைக் கண்ட அவர், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தூனிஸில் ஸலாம் சொன்ன யாத்திரிகரை மறவாமல் அந்நூலில் சொல்லிவைத்தார்.

இன்றும் நம் கடைத்தெருக்களுக்குப் புதிய வாலிபர்கள் வந்து சேருகிறார்கள். அவர்களுக்கு முதல் ஸலாம் சொல்பவர் நாமாக இருப்போம். கடன் வாங்கி ஆடம்பரம் செய்யாதிருக்கும்படி எடுத்துச் சொல்வோம். முக்கியமாக, வாப்பாவும் உம்மாவும் இருக்கும்போதே ஊருக்கு ஒருமுறை அனுப்பிவைப்போம்.