இடையும் விலகலும்: மகாலனோபிஸ் காட்டிய வழி

இரண்டாம் தவணைப் பரீட்சையில் பௌதிகவியல், இணைந்த கணிதம் இரண்டிலும் எனக்கு 70 புள்ளிகள். இரண்டிலும் வகுப்பின் இடை 60. அப்படியென்றால் இரண்டும் ஒன்றுதானே என்று வாப்பா கேட்டார். இல்லை என்று தெரிந்தும் எனக்கு விளக்கத் தெரியவில்லை. விடை தேடியபோதுதான் பிரசாந்த சந்திர மகாலனோபிஸின் வாழ்க்கையைப் படித்தேன்.

அவர் 1893 ஜூன் 29 இல் கல்கத்தாவில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கற்றபோது கணிதமேதை இராமானுஜனின் நண்பரானார். ஊர் திரும்புகையில் பயோமெட்ரிக்கா என்னும் சஞ்சிகையின் தொகுதிகளைக் கொண்டுவந்தார். கப்பலிலேயே வாசிக்கத் தொடங்கியவரைப் புள்ளிவிபரவியல் பற்றிக்கொண்டது. பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகவியல் கற்பித்துக்கொண்டே அவர் செய்த ஆய்வுகளிலிருந்து, 1931 இல் இந்தியப் புள்ளிவிபர நிறுவனம் உருவானது.

1926 இல் ஒரிசாவில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டதென்று பொறியியலாளர்கள் கருதினர். மகாலனோபிஸ் ஒரு வெள்ளத்தை மட்டும் பார்க்கவில்லை. ஏறத்தாழ 60 ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து, படுகை உயரவில்லை என்று காட்டினார்.

மனிதரின் உடல் அளவுகளை ஒப்பிட்டபோதும் அவர் இப்படியே சிந்தித்தார். இடைகளுக்கிடையிலான வித்தியாசம் மட்டும் போதாது, தரவுகள் எவ்வளவு விரிந்து பரம்பியுள்ளன என்பதும் வேண்டும் என்றார். அதுவே 1936 இல் வெளியான மகாலனோபிஸ் தூரம். ஒரே ஓர் அளவை மட்டும் எடுத்தால், இடையிலிருந்து எத்தனை நியம விலகல் தள்ளி நிற்கிறோம் என்பதே அந்தத் தூரம். நமது பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியின் அடிப்படையும் இதுதான்!

பின்னர் வங்காளத்தின் சணல் விளைச்சலை மாதிரி எடுத்துக் கணித்தார். 1950 இல் இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கவும் வழிசெய்தார். 1972 ஜூன் 28 இல், 79 வயது நிறைய ஒரு நாள் இருக்கையில் காலமானார். அவர் பிறந்த நாளை இந்தியா புள்ளிவிபர தினமாகக் கொண்டாடுகிறது.

இதைப் படித்த அன்று மாலை ஐந்துசந்தியிலுள்ள எங்கள் கடைக்குப் போனேன். கணக்குக் கொப்பியில் வாப்பாவுக்கு எழுதிக் காட்டினேன். பௌதிகவியலில் நியம விலகல் 5; அநேகர் 60 ஐ ஒட்டியே நிற்கிறார்கள். என் இசட் புள்ளி 2. கணிதத்தில் நியம விலகல் 20. புள்ளிகள் பரந்து கிடக்கின்றன. அங்கே எனக்கு 0.5 மட்டுமே. என்னைவிடக் கூடிய புள்ளி எடுத்தவர்கள் பலர்.

வாப்பா கொப்பியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இனி எந்தப் பாடத்தைக் கூடுதலாகப் படிக்க வேண்டுமென்று நான் சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது.