ஏழைகளின் காய்ச்சலை ஆராய்ந்தவர்

உயிரணுப் பாடத்தில் நாம் அறிந்த ருடால்ப் விர்ச்சோ 1821இல் பிறந்த ஜெர்மானிய மருத்துவர். 1848இல் பஞ்சமும் பேன்களால் பரவும் டைபஸ் காய்ச்சலும் மேல் சைலீசியா மக்களை வாரிக்கொண்டு போயின. காரணம் அறிந்துவர பிரஷ்ய அரசு அவரை அனுப்பியது. இருபத்தாறே வயது! நோயாளிகளை மட்டுமா பார்த்தார்? அவர்களது இருண்ட குடிசைகளையும் வெறும் பானைகளையும் கண்டார். அரசுக்குத் தந்த அறிக்கையில் மருந்தைவிட அதிகமாக அவர் கேட்டவை கல்வி, சாலைகள், நியாயமான வரி, மக்களாட்சி. போலிஷ் பேசும் அவ்வேழைகளுக்கு அவர்கள் மொழியிலேயே கல்வி வேண்டுமென்றும் எழுதினார். காய்ச்சலுக்கும் தாய்மொழிக்கும் என்ன தொடர்பென்று எங்களுக்கும் முதலில் வியப்புதான். எழுத்தறியாதவரிடம் சுகாதாரம் எப்படிச் சென்று சேரும்?

அவ்வாண்டின் மக்கள் கிளர்ச்சியிலும் சேர்ந்ததால் 1849இல் பெர்லின் பதவியை இழந்தார். 1856இல் திரும்பி, பின்னர் நகரமன்ற உறுப்பினராகி, தெருச்சாக்கடைகளுக்குப் பதிலாக நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் அமையப் பாடுபட்டார். 1902இல் அந்நகரிலேயே மறைந்தார்.